முப்பத்தொன்றாம் எண் அட்டை

செக்கிங் அக்காவோடு ஒரே மடிக்கணினியில் ஒரு வருடம் குப்பை கொட்டியவள் நான். ஆகவே அவளைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு. வேறு யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு அடுத்த எண் என்னுடையது. "அடுத்தடுத்த எண்காரங்க ஜோடி சேர்ந்துக்குங்க" என்று கணினி அறையில் சொன்னார்கள். என் தலையெழுத்து அவ்வளவுதான். எனக்கு இருபத்திரண்டு வயது. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டே பிறந்தவள் என்று அம்மா என்னைத் திட்டுவாள். அவளுக்கு முப்பத்தாறு. எங்கள் வகுப்பிலேயே பத்தாம் வகுப்பு படிக்கும் மகளை வைத்துக்கொண்டு படிக்க வந்தவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே மாதத்தில் பரீட்சை. "யாரு முதல்ல பாஸாகறாங்கன்னு பாக்கலாம்னு அப்பாவும் பொண்ணும் கூட்டு சேர்ந்து சிரிக்கறாங்க" என்று ஒரு நாள் முறைத்துக்கொண்டே சொன்னாள்.

அதற்கு முன் பதினோரு வருடம் அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்து வரும் சட்டையை விளக்கின் கீழ் விரித்து, காலர், கை, பொத்தான், உள்தையல் எல்லாம் பார்த்து, சரியாக இருந்தால் தன் எண் அச்சடித்த சின்னச் சீட்டைச் சட்டைப் பைக்குள் போட வேண்டும். அந்தச் சட்டை உலகத்தில் எங்கே போய்ப் பிரிந்தாலும் சீட்டைப் பார்த்தால் யார் சரி என்று சொன்னது என்பது தெரிந்துவிடும். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் சிலருக்குச் சுவரில் மாட்டியிருந்த குறைப் பட்டியலைப் படிக்கத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் வெட்டும் மேசையில் சாக்பீஸால் எழுதி அவர்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். ஏழு பேர் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். எட்டாவது ஆள் கற்றுக்கொண்ட அன்றைக்குத்தான் இங்கே விண்ணப்பம் வாங்கினாளாம்.

நல்ல கதைதான். ஆனால் அந்தக் கண்ணை அவள் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

முதல் நாளே மடிக்கணினியின் கேமரா மேல் ஒரு துண்டுத் துணி நாடாவை ஒட்டினாள்.

"என்னக்கா இது?"

"அது நம்மளப் பாக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஒட்டிட்டா தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்ல."

கடவுச்சொல் அடிக்கும்போது என் பக்கம் நோட்டுப் புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைப்பாள். இருவரும் சேர்ந்து பயன்படுத்துகிற கணக்கு அது, கடவுச்சொல்லை உருவாக்கியதே நான்தான் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டும் பயனில்லை. "பழக்கம் போயிடக் கூடாது" என்றாள்.

எங்களுக்கு வகுப்பறைக் கணினிக் கருவிகள் கற்றுக்கொடுத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் டெமோ சார். எதற்கும் "ஒரு சின்ன டெமோ பாத்துடலாமா?" என்றுதான் ஆரம்பிப்பார். நல்ல மனிதர், கொஞ்சம் படபடப்பு. ஒரு நாள் பிள்ளைகள் வாசிப்பதைப் பதிவு செய்து பிழை காட்டும் ஒரு செயலியைத் திறக்கச் சொன்னார். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டுப் போனோம். அக்கா அதற்கு மேலே இருந்ததை எல்லாம் படித்தாள். நாற்பது நிமிடம் படித்தாள். பக்கத்தில் நான் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னம்மா, எல்லாரும் முடிச்சாச்சு, நீங்க ரெண்டு பேரும் இன்னும் வாசல்லயே நிக்கறீங்க?" என்றார் டெமோ சார்.

"சார், பன்னெண்டாவது பத்தியில பிள்ளைங்க குரலை வெச்சுக்குவோம்னு போட்டிருக்கு. எதுக்கு சார் வெச்சுக்கறாங்க?"

"அது... சும்மா போடறதும்மா."

"சும்மாவா பன்னெண்டு பத்தி எழுதுவாங்க?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவரும் படித்திருக்கவில்லை என்பது எங்களுக்கே புரிந்துவிட்டது. மறு வாரம் அந்தச் செயலி பாடத்திட்டத்திலிருந்து காணாமல் போனது. எல்லோரும் அக்காவைப் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் எரிச்சலாக இருந்தது. அந்த நாற்பது நிமிடம் என் நாற்பது நிமிடமும்தானே.

‘சேமிக்கப்பட்டது’ என்று திரையில் வந்தால் நாமெல்லாம் எழுந்து போய்விடுவோம். அவள் மூடிவிட்டு மறுபடி திறந்து பார்ப்பாள். வருடத்தில் இரண்டு முறை சேமிக்கப்படாமல் போயிருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஏதோ பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான மாதிரி. ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. மூன்றாவது மாதத்தில் அவள் செய்த பாடங்கள் என்னுடையதைவிட நன்றாக இருந்தன. படம் நகரும், கடிகாரம் ஓடும், தப்பான இடத்தில் தட்டினாலும் எதுவும் உடையாது. ஏனென்றால் தப்பான இடங்களை எல்லாம் அவளே ஏற்கெனவே தட்டிப் பார்த்திருப்பாள்.

கடைசி ஐந்து வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி. எங்கள் ஜோடிக்கு ஐந்தாம் வகுப்பு கிடைத்தது. வகுப்பாசிரியை பிரசவ விடுப்பில் போயிருந்தார். முப்பத்துநாலு பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர், கூரையிலிருந்து தொங்கும் ஒரு படவீழ்த்தி, அதற்கு வெயில் படாமல் ஜன்னலில் ஒட்டிய பழுப்புக் காகிதம்.

எங்களுக்குக் கொடுத்த கருவி அட்டை வினா. விளக்கிவிடுகிறேன், இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சதுர அட்டை, ஒரு எண். அட்டையின் முன்பக்கம் கறுப்புக் கட்டங்களாக ஒரு கோலம், பின்பக்கம் வெறுமை. முன்பக்கத்தில் நாலு ஓரத்திலும் பொடி எழுத்தில் அ, ஆ, இ, ஈ. கேள்வி திரையில் வரும். எது விடையோ அந்த எழுத்து மேலே இருக்கும்படி அட்டையைத் திருப்பி உயர்த்திப் பிடிக்க வேண்டும். நான் கைப்பேசியை வகுப்பின் குறுக்கே ஒரு வீச்சு காட்டுவேன். யார் என்ன விடை சொன்னார்கள் என்று அது படித்துவிடும். சரியென்றால் என் கைப்பேசியில் பச்சை, தப்பென்றால் சிவப்பு. பெரிய திரையில் காட்டக் கூடாது, பிள்ளைகள் மனம் நோகும் என்று டெமோ சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா கேள்வியை வாசிப்பாள், நான் வீசுவேன். கைப்பேசியைத் தொட அவளுக்கு இஷ்டமில்லை.

வாரத்துக்கு எட்டு, மொத்தம் நாற்பது கேள்வி. அந்த மதிப்பெண் எங்கள் பயிற்சிக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தோம். இரண்டாவது வாரம் தலைமையாசிரியை எங்களை அழைத்தார். "இவ்வளவு துல்லியமா வருதுன்னா நாம இதையே வெச்சுக்கலாமே" என்றார். நாற்பதுக்குப் பதினாறுக்குக் கீழே எடுக்கும் பிள்ளைகள் வருடம் முடியும்வரை தனி அறைக்குப் போவார்கள். மெதுவாகக் கற்கிறவர்களுக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து மறுபடி. ஒரு முறை போனால் அந்த வருடம் திரும்ப வர முடியாது. சாமான் அறைக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு அறை தயாராகிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதற்குக் ‘கடைசி ரூம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஐந்தாவது வாரம் புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டியலை எடுத்தோம். பதினாறுக்குக் கீழே நாலு பேர். மூன்று பேர் எதிர்பார்த்தவர்கள்தான். நாலாவது, முப்பத்தொன்றாம் எண் அட்டை. நாற்பதுக்குப் பூஜ்யம்.

அந்தப் பெண் வேறு பள்ளியிலிருந்து வந்தவள். நாங்கள் வந்ததற்கு மறுநாள் சேர்ந்தாள். பிள்ளைகள் அவளைப் ‘புதுசு’ என்றே கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில், சுவரோரம். வாயைத் திறக்க மாட்டாள். பெஞ்சில் பக்கத்திலிருக்கும் பெண் எட்டிப் பார்த்தால் நோட்டைக் கையால் மூடிக்கொள்வாள். அவள் அட்டை மேல் வாரா வாரம் சிவப்புதான் விழுந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"பூஜ்யம் எப்படி வரும்?" என்றாள் அக்கா. கையில் பிடித்திருந்த கரண்டி அப்படியே நின்றது.

"தெரியலைன்னா பூஜ்யம் வரும்க்கா."

"வராது. நாலுல ஒண்ணு சரி. கண்ணை மூடிக்கிட்டு அட்டையைத் தூக்கினாலும் நாப்பதுல ஏழெட்டாவது தானா விழணும். ஒண்ணு கூட விழலைன்னா?"

"துரதிர்ஷ்டம்."

"ஏய் அவசரம்," என்றாள். அவள் எனக்கு வைத்த பெயர் அது. "வேலை தெரியாத பொண்ணு தைச்சா நூறு சட்டையில பத்து கோணும், பத்து சுருங்கும், பாக்கி எப்படியோ தேறும். நூறும் ஒரே மாதிரி கோணினா அது தைக்கறவ தப்பு இல்ல. மிஷின்ல ஏதோ கோணல்."

வந்துவிட்டதா தொழிற்சாலை என்று நினைத்துக்கொண்டேன். "அவ வீட்டுக் கணக்கு நோட்டு சரியாத்தான் இருக்கு. ஆனா பக்கத்துப் பொண்ணைப் பாத்து எழுதறா. நான் கவனிச்சிருக்கேன்" என்றேன்.

அக்கா எழுந்து போய் இரண்டு நோட்டையும் எடுத்து வந்தாள். விளக்குக்குக் கீழே சட்டையை விரிக்கிற மாதிரி இரண்டையும் மேசையில் விரித்தாள். பக்கத்துப் பெண்ணின் நோட்டில் நாலு கணக்கு தப்பு. புதுசின் நோட்டில் அந்த நாலும் சரி.

"பாத்து எழுதினவளுக்கு, யாரைப் பாத்தாளோ அவளை விட எப்படி ஜாஸ்தி சரியா வரும்?"

பதில் இல்லாதபோது எனக்கு வழக்கமாக வருவது கோபம்தான். "அப்ப செயலி பொய் சொல்லுதுங்கறீங்களா? முப்பத்து மூணு பேருக்கு உண்மை, இவளுக்கு மட்டும் பொய்யா?"

"உள்ள போய்ப் பாக்கலாமா? அவ என்ன என்ன விடை காட்டினான்னு அதுல இருக்குமில்ல?"

இருந்தது. மூன்று முறை தட்டினால் வந்துவிடும். ஐந்து வாரத்தில் ஒரு முறைகூட நான் தட்டிப் பார்த்ததில்லை. அக்கா அதை அச்சடித்து, பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனாள். விடை ‘அ’ என்றால் அந்தப் பெண் காட்டியது ‘இ’. விடை ‘ஆ’ என்றால் அவள் ‘ஈ’. விடை ‘இ’ என்றால் ‘அ’. நாற்பதில் முப்பத்தேழு இப்படியே, நேர் எதிர் ஓரம். மூன்று மட்டும் வேறு மாதிரி.

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். "தலைகீழாப் பிடிச்சிருக்கா" என்றாள். "அஞ்சு வாரமும்."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏனென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அட்டை கொடுத்த முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக நிறுத்தி, நாலு ஓரத்தையும் மாற்றி மாற்றி உயர்த்தச் சொல்லி, சரியாகச் செய்தால் பழக்கத் தாளில் டிக் போட வேண்டும். ஒன்று முதல் பதினேழு அக்கா, மிச்சம் நான். மறுநாள் புதுசு வந்தபோது கடைசி மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. காலியாக இருந்த முப்பத்தொன்றாம் எண் அட்டையைக் கையில் கொடுத்து, "எல்லாரும் எப்படிப் பண்றாங்கன்னு பாத்துக்க" என்று சொல்லிவிட்டு டிக்கைப் போட்டேன். எனக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்தால் இப்போது சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கும்.

மாலை, பிள்ளைகள் போன பிறகு அக்கா அந்தப் பழக்கத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முப்பத்தொண்ணுக்கு டிக் போட்டது யாரு?"

"நான்தான். நீல மை என்னோடதுதானே."

"பழக்கிட்டுத்தான் போட்டியா?"

"ஆமாக்கா. நாலு தடவை தூக்கச் சொன்னேன். சரியாத்தான் பண்ணினா. அப்புறம் மறந்திருப்பா."

பொய் எவ்வளவு வழவழவென்று வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவள் தாளையும் என்னையும் ஒரு முறை பார்த்தாள். "சரி" என்றாள். தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்தச் ‘சரி’ என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. வியாழக்கிழமை முழுவதும் அவளையே கவனித்தேன். இந்த முறை சந்தேகம் என் பக்கத்திலிருந்து. இடைவேளையில் கைப்பேசியில் யாரிடமோ தணிந்த குரலில் பேசினாள். வருகைப் பதிவேட்டை எடுத்து ஏதோ ஒரு தேதியைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் மூடினாள். எனக்கு மூக்கு வியர்த்தது. எங்கள் இருவருக்கும் கூட்டு மதிப்பெண். தப்பு என்னுடையது என்று எழுதிக்கொடுத்துவிட்டால் அவள் தப்பித்துக்கொள்வாள், நான் மாட்டிக்கொள்வேன். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். சான்றிதழோடு அடுத்த மாதம் ஒன்றாம் தேதி போய் நிற்க வேண்டும். பழக்கத் தாளே பொய் என்றால் ஐந்து வாரமும் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. வேலை போனது போனதுதான். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று நினைக்க ஆசைப்பட்டேன். ஆனால் யாரையும் நம்பாத ஒருத்தியிடம் எதை நம்பி உட்கார்ந்திருப்பது?

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பட்டியல் கையெழுத்தாக வேண்டும். பத்தரைக்கு அக்கா கோப்போடு தலைமையாசிரியையின் அறைக்குள் போவதைப் பார்த்தேன். உள்ளே டெமோ சாரும் இருந்தார். நேற்று இடைவேளையில் அவள் கைப்பேசியில் அழைத்தது இவரைத்தான் என்று புரிந்தது. கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போனேன்.

"வாம்மா," என்றார் டெமோ சார், அவஸ்தையாக. "இவங்க ஒரு பொண்ணுக்கு மறுபடி சோதனை வைக்கணுங்கறாங்க."

"வெறும் அரை மணி நேரம் மேடம்," என்றாள் அக்கா. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணு அட்டையைத் தலைகீழாப் பிடிக்கறா. முப்பத்தேழு விடையும் நேர் எதிர். இதுல குறிச்சு வெச்சிருக்கேன்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரு பிள்ளைக்கு மாத்தினா நாளைக்கு எல்லா அம்மா அப்பாவும் வந்து நிப்பாங்க. எம்பிள்ளையும் தலைகீழாப் பிடிச்சான், எம்பொண்ணும் தலைகீழாப் பிடிச்சாள்னு. எப்படிப் பிடிக்கணும்னு பழக்கினீங்களா இல்லையா?"

அக்கா கோப்பிலிருந்து பழக்கத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். "டிக் இருக்கு மேடம்" என்றாள். அவ்வளவுதான். யார் போட்டது என்று சொல்லவில்லை. பொய் டிக் என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டிக் இருக்குல்ல? அப்ப பழக்கியாச்சு. பழக்கியும் பூஜ்யம்னா அந்தப் பொண்ணுக்குத் தனி அறைதான் சரி." தலைமையாசிரியை பேனாவை எடுத்தார்.

டெமோ சாரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அந்தப் பேனாவைப் பார்த்தேன். கடைசி ரூமின் சுவருக்கு வெள்ளையடித்த வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. நான் மட்டும் வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் நன்றாக முடிந்துவிடும், அந்தப் பெண்ணைத் தவிர எல்லோருக்கும்.

"அது பொய் டிக் மேடம்" என்றேன். "நான்தான் போட்டேன். அந்தப் பொண்ணை நான் பழக்கவே இல்ல."

டெமோ சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, இது தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் அஞ்சு வாரம் மறுபடி பண்ணணுமேம்மா! ரெண்டு பேருக்கும்!"

"தெரியும் சார்" என்றாள் அக்கா.

தலைமையாசிரியை என்னைத் திட்டினார். அதை எல்லாம் இங்கே எழுத மாட்டேன், எல்லாமே நியாயமான திட்டு. கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "போய் அந்தப் பொண்ணை என் கண் முன்னாடி சோதிச்சுக் காட்டுங்க. சார், நீங்களும் வாங்க" என்றார்.

வகுப்புக்குப் போகும் தாழ்வாரத்தில் நான் அக்காவின் பக்கத்தில் நடந்தேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமில்ல?"

"தெரியும். டிக் பக்கத்துல நீ போட்ட தேதி அஞ்சு. அவ பள்ளிக்கூடத்துல சேர்ந்ததே ஆறு."

அவசரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு முந்தின நாள் போட்ட தேதியையே இவளுக்கும் எழுதிவிட்டிருக்கிறேன். கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். பிடித்துவிட்டு வாயைத் திறக்காமல் பையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அப்ப ஏன் சொல்லல? என்னை மாட்டி விட்டிருக்கலாமே?"

"ஒரு தடவை என் நம்பர் சீட்டை எடுத்து வேற ஒருத்தி அவ பாக்காத சட்டையில எல்லாம் போட்டுட்டா. நூத்தி இருபது சட்டை திரும்பி வந்துச்சு. எல்லாத்துலயும் என் நம்பர்." அவள் குரல் மாறவே இல்லை. "யாருன்னு எனக்குத் தெரியும். பக்கத்து மேசை. தினமும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். அவளே வந்து சொல்லுவான்னு ஒரு மாசம் காத்திருந்தேன். என்னைக் கொஞ்ச நாள் கூட்டிப் பெருக்கற வேலைக்கு மாத்தினாங்க. அப்பவும் வரல. அதுக்கப்புறம்தான் எனக்கு எதையும் நம்ப முடியறதில்ல."

வகுப்பறைக் கதவு வந்துவிட்டது.

"மேடம் பேனா தாளைத் தொடற வரைக்கும் பாக்கலாம்னுதான் இருந்தேன்" என்றாள். "தொட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். அந்தப் பொண்ணை விட்டுட முடியாதில்ல."

மற்றப் பிள்ளைகளை விளையாட அனுப்பினோம். புதுசு மட்டும் தன் இடத்தில், சுவரோரம். தலைமையாசிரியை, டெமோ சார், நாங்கள் இருவர் என்று நாலு பெரியவர்கள் எதிரே நின்றால் எந்தப் பிள்ளைக்கும் உதறும். இவள் உதறவில்லை. ஒவ்வொருவராக எங்களை அளந்து பார்த்தாள்.

அக்கா அவளுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள். திரையில் முதல் வாரக் கேள்வி ஒன்றை ஓட்டினேன். கால் பங்கு பெரியதா, மூன்றில் ஒரு பங்கு பெரியதா என்பது மாதிரியான கேள்வி. விடை ‘ஆ’. அந்தப் பெண் அட்டையைத் தன் பக்கம் திருப்பி எழுத்தைத் தேடினாள். கட்டை விரலை ‘ஆ’ மேல் அழுத்தி வைத்து, அந்த ஓரத்தை அடியில் பிடித்துக்கொண்டு, அட்டையை உயர்த்தினாள்.

விரல் மறைத்த எழுத்து அடியில். மேலே ‘ஈ’. என் கைப்பேசியில் சிவப்பு.

"உன் விடை எங்கம்மா இருக்கு?" என்றாள் அக்கா.

அவள் முதலில் பக்கத்து இடத்தைப் பார்த்தாள். அது காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டாள். பிறகு கட்டை விரலை மெல்லத் தூக்கிக் காட்டினாள்.

"ஏன் மூடிப் பிடிச்சிருக்கே?"

"இவ எட்டிப் பாத்து அதையே தூக்குவா. அதான்." கொஞ்சம் யோசித்தாள். "முன்னாடி இருக்கறவங்க அட்டையோட பின்பக்கம்தான் இங்கிருந்து தெரியுது. அதுல ஒண்ணுமே இல்ல."

அக்கா அவள் கையைப் பிடித்து அட்டையைத் திருப்பினாள். ‘ஆ’ மேலே போனது. நான் கைப்பேசியைக் காட்டினேன். பச்சை விழுந்தது. நாற்பது கேள்விகளையும் ஒவ்வொன்றாக ஓட்டினோம். தலைமையாசிரியை நிற்க முடியாமல் பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பதுக்கு முப்பத்தேழு. வகுப்பிலேயே அதற்கு மேல் ஒரே ஒருவன்தான். டெமோ சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

தலைமையாசிரியை பட்டியலில் அவள் எண்ணை அடித்தார். அப்புறம் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தாளையே இரண்டாகக் கிழித்தார். எங்கள் ஐந்து வாரமும் அதோடு கிழிந்தது.

புதுசுக்கு இதெல்லாம் புரிந்ததா தெரியாது. கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து வாரத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அது.

"அப்ப இத்தனை நாளா நான் சொன்னது ஒண்ணுமே உங்களுக்கு வரலையா மிஸ்?"

நாற்பது முறை கையை உயர்த்தியிருக்கிறாள். நாற்பது முறையும் நான் அவளைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லாததால் எல்லாம் சரி என்று இருந்திருக்கிறாள்.

"வரலம்மா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வந்ததை மறைக்கவும் இல்லை. "உனக்கு நான் சரியா சொல்லிக்கொடுக்கல. தப்பு என்னோடது. இனிமே இப்படி ஆகாது."

அவள் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பி, சின்னக் குரலில் கேட்டாள்: "இவங்க சொல்றது நெசமா?"

அக்கா என் முகத்தை, விளக்கின் கீழ் விரித்த சட்டையைப் பார்க்கிற மாதிரி, நிதானமாகப் பார்த்தாள்.

"இந்தத் தடவை நெசம்" என்றாள்.